கட்டம் அக்காவின் முறை

கணினித் துறையில் அந்தப் பேராசிரியையைக் ‘கட்டம் அக்கா’ என்றுதான் சொல்வார்கள். நிரல் எழுத உட்காரும் முன் ஒவ்வொரு பகுதியையும் கட்டமாக வரைய வேண்டும். வரைந்தவரும் இன்னொருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ‘இது கெட்டால் யார் தலையில் விடியும்?’ என்று மல்லுக்கு நிற்க வேண்டும். இதுதான் அவள் வகுத்த முறை. தலை நரைக்கும்வரை அதையே கட்டிக்கொண்டு மாரடித்தாள். ஒருவழியாக நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன, அவள் பெயரிலேயே அதற்குச் சான்றிதழ் கொடுக்க ஓர் அமைப்புகூட வந்தது.

அவள் தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். அவசர அழைப்புகளை வண்டிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் புது மென்பொருள் அவள் முறைப்படி செய்தது என்று கேள்விப்பட்டதும், “சின்ன வயசுலேருந்து அக்கா ஏவுன இடத்துக்குத்தான் ஓடுறேன், இப்பவும் அதே கதைதான்” என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

ஒரு மத்தியானம் அந்த மென்பொருளின் இணைய இணைப்பு அறுந்து, உடனே வந்துவிட்டது. காத்திருந்த அழைப்புகளையெல்லாம் ‘முடிந்தது’ என்று மென்பொருள் மூடிவிட்டது. மார்வலியில் சுருண்ட ஒரு தையல்காரர், மிஷின் பக்கத்திலேயே உயிரை விட்டார்.

“ரெண்டு தெரு தள்ளி வண்டியில சும்மா உட்கார்ந்திருந்தேன்க்கா,” என்றான் தம்பி. “கூப்பிட்டிருந்தா நடந்தே போயிருப்பேன்.”

விசாரணையில், மென்பொருளைச் செய்த நிறுவனத்தின் மேலாளர், “மேடம் சொன்ன முறையில இம்மியும் பிசகல” என்று கட்டம் போட்ட படங்களை விரித்தார். அவள் குனிந்து பார்த்தாள். கோடுகள் அத்தனை அழகு. ஓரிடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை.

“சண்டை போட்டு வரைஞ்ச படம் இவ்வளவு சுத்தமா இருக்காது. நிரலையெல்லாம் எழுதி முடிச்சப்புறம் வரைஞ்சது இது,” என்றாள்.

“அதை உங்க முறையை வச்சு நிரூபிக்க முடியுமா?” என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

“முடியாது,” என்றாள்.

முறை பின்பற்றப்பட்டிருக்கிறது, நிறுவனத்தின்மேல் தவறில்லை என்று தீர்ப்பானது. முறையிலிருந்து தன் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று சான்றிதழ் கொடுக்கும் அமைப்பிடம் போய்க் கெஞ்சினாள். அது இப்போது எல்லோருக்கும் பொதுச்சொத்து மேடம், என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் தம்பி சீருடையோடு வந்தான். சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டான்.

“என்மேல கோபமாடா?”

“கோபம் வந்தாத் தேவலைன்னு இருக்குக்கா. வரமாட்டேங்குது.”

“அந்த மென்பொருளை மாத்திட்டாங்களா?”

“அந்த ஒரு ஓட்டையை அடைச்சுட்டாங்களாம். படமும் புதுசா போட்டாச்சாம்.”

கை கழுவிக்கொண்டு பணிக்குக் கிளம்பிப் போனான். இன்னொரு ஓட்டை எங்கே இருக்கும் என்று கேட்க, அவளுக்கு எதிரே உட்கார ஆளில்லை. அவன் தட்டைக் கழுவக்கூடத் தோன்றாமல் அவள் அப்படியே நின்றாள்.