காராஸ் வாயை மூடிக்கொண்ட வெள்ளிக்கிழமை

கோவில் படி இறங்கும்போது மூடிய வாயைக் காராஸ் வீடு வரும்வரை திறக்கவில்லை. இரீனி முதலில் அதைக் கவனிக்கவே இல்லை. ஆறு வயதுப் பையன் கால் மணி நேரம் பேசாமல் நடந்து வந்தால் எந்தத் தாய் நிறுத்தி ஏன் என்று கேட்பாள்? கர்த்தருக்கு ஒரு நன்றியைச் சொல்லிவிட்டு நடப்பாள். அவளும் அப்படித்தான் ஷுப்ராப் பேட்டையின் பாதித் தெருவைக் கடந்து, மூன்று மாடி ஏறி, செருப்பைக் கழற்றி எறிந்தாள்.

வீட்டில் அவரை மசியலும் சூடான தாமியா வடையும் மேசைக்கு வந்தபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பையன் வெள்ளை அங்கியும் தோளில் சிவப்புப் பட்டையுமாக, பூசையில் உதவும் சின்னத் தியாக்கோன் கோலம் கலையாமல் நின்றான். நற்கருணை வாங்கியதும் வாயைப் பொத்திக்கொள்ளத் தரும் வெள்ளைக் கைக்குட்டை இன்னும் வாயிலேயே இருந்தது.

"உக்காருடா. ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்ட வயிறு. பசிக்கலையா?"

தலையாட்டினான். பசிக்கிறது என்று ஆட்டினானா, இல்லை என்று ஆட்டினானா, அந்த ஆண்டவருக்கே வெளிச்சம்.

"வாயில என்னடா? முழுத் தாமியாவையும் அடக்கி வெச்சிருக்கியா?" என்றான் வக்தி. அவன் அப்பா; மின்விளக்குக் கடை வைத்திருப்பவன்; வெள்ளிக்கிழமை என்றால் பனியனைத் தவிர வேறு சட்டை போடாதவன்.

பதில் அக்காவிடமிருந்து வந்தது. யுஸ்தீனாவுக்கு ஒன்பது வயது. அந்த வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் அவளுக்கு முதலில் தெரியும்.

"அவன் ஆடுற பல்லு இருக்குல்ல? படி இறங்குறப்போ நாக்கு பட்டு ரத்தம் வந்துடுச்சு. இப்ப வாயைத் திறந்தா பல்லு விழுந்துடும். பல்லு விழுந்தா இயேசுவும் விழுந்துடுவாரு. அதான் மூடிட்டான்."

"யாருடி இப்படியெல்லாம் சொன்னது அவனுக்கு?"

"நீதாம்மா."

இரீனி வாயை மூடிக்கொண்டாள். சொன்னது அவள்தான். கோவிலில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள் அவள். பேர்தான் ஞாயிறு பள்ளி, நடப்பது ஊருக்கே விடுமுறையான வெள்ளிக்கிழமை. முப்பது பிள்ளைகள். நற்கருணை வாங்கிய நாளில், உள்ளே போனது வெளியே வரக்கூடாது என்பது அவள் வகுப்பின் பெரிய பாடம். துப்பக்கூடாது, ஆலிவ் கொட்டையை வாயிலிருந்து எடுத்துப் போடக்கூடாது, முள் இருக்கும் மீனின் பக்கமே போகக்கூடாது, விரல் கீறி ரத்தம் வந்தால் பஞ்சில் ஒற்றி அந்தப் பஞ்சை நைல் நதியில் விடவேண்டும். இதையெல்லாம் அவள் அம்மாவும் சொல்லியிருக்கிறாள், ஊரே சொல்கிறது. ஆனால் போன மாதம், பிள்ளைகள் மனதில் நன்றாகப் பதியட்டும் என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டாள். "துப்பினா யாரைத் துப்புறீங்க தெரியுமா? இயேசுவைத் துப்புறீங்க. நடுரோட்டுல. மைக்ரோபஸ் அவர் மேல ஏறிட்டுப் போகும்." முப்பது வாயும் ஒரேயடியாக மூடின. பாடம் அருமையாகப் பதிந்துவிட்டது என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து பெருமை வேறு அடித்துக்கொண்டாள்.

அந்தப் பல்லோ ஒரு வாரமாக நூலில் தொங்குகிறது. வியாழக்கிழமையே கதவில் நூல் கட்டி இழுத்துவிடலாம் என்றான் வக்தி. "நாளைக்குப் பூசை முடியட்டும், இப்பப் புடுங்கினா காலையில ரத்தம் கசியும்" என்று தடுத்தவளும் இவள்தான்.

"நல்லதாப் போச்சு. இந்த வீட்ல ஒருத்தராவது வாயை மூடினாங்களே" என்று சொல்லிவிட்டு வக்தி அவரை மசியலில் ரொட்டியைத் தோய்த்தான்.

"சிரிக்காதே வக்தி. புள்ள பட்டினி."

"பசிச்சா தானே திறப்பான்."

பன்னிரண்டு மணிக்கும் திறக்கவில்லை. வக்தி பனியனுக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு இறங்கிப்போய், முனைக் கடையில் கரியில் வாட்டிய கொத்துக்கறிக் கோஃப்தாவும் சோறும் மாம்பழச் சாறும் வாங்கி வந்தான். வெள்ளிக்கிழமை அவன் சட்டை போட்டான் என்றால் நிலைமை எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோஃப்தாவைப் பையனின் மூக்குக்கு நேரே பிடித்து மெல்ல ஆட்டினான். காராஸின் மூக்கு விடைத்தது, தொண்டை ஏறி இறங்கியது. உதடு மட்டும் அசையவில்லை. கண்ணை மேலே உயர்த்தி, சுழலும் மின்விசிறியை அசையாமல் பார்த்தான்.

யுஸ்தீனாவுக்குப் புல்லரித்துவிட்டது. "அப்பா, அவன் வேதசாட்சி மாதிரி பாக்குறான்! அம்மா தூங்கப் போறப்போ சொல்வாளே, ராஜா வந்து தங்கம் தரேன், குதிரை தரேன்னு ஆசை காட்டுவான், அந்தச் சின்னப் பையன் மேல பாத்துக்கிட்டே நிப்பான்னு."

"அப்ப நான் யாருடி? தியோக்லேத்தியானா?"

காராஸ் வேகமாக ஆமாம் என்று தலையாட்டினான்.

வக்தி கோஃப்தாவைத் தட்டில் போட்டான். பெற்ற பிள்ளை தன்னை ரோமாபுரி அரசனாக்கியதில் அவனுக்கு உள்ளூர வருத்தம்தான். "கதை சொல்லிச் சொல்லியே புள்ளையைக் கெடுத்து வெச்சிருக்க" என்று மனைவி மேல் பாய்ந்தான்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு உம்மு தாரிக் வந்தாள். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவள், கால்வலிக்காரி, அந்தக் கட்டடத்தின் எல்லாச் சண்டைக்கும் நாற்காலி போட்டு உட்காருகிறவள். விஷயத்தைக் கேட்டதும் தொடையில் தட்டிச் சிரித்தாள்.

"அட, இவ்ளோதானா! எங்க பொண்ணு ஹனான் முதல் முதலா ரமலான் நோன்பு வெச்சப்போ ஏழு வயசு. எச்சில் முழுங்கினா நோன்பு முறிஞ்சுடும்னு எவளோ சொல்லிட்டா. காலையிலேருந்து துப்புறா, துப்புறா, ஒரு வாளி நிறைஞ்சுடுச்சு. சாயங்காலம் டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏத்தினாரு. எங்க வீட்ல துப்பியே தீருவேன்னா, உங்க வீட்ல துப்பவே மாட்டேங்குறான். ரெண்டையும் கலந்து ஒண்ணா பெத்திருந்தா சரியா இருந்திருக்கும்."

"ஹாஜிம்மா, புள்ள இன்னும் ஒரு வாய் சாப்பிடல, நீங்க சிரிக்கிறீங்களே."

"அழுதா மட்டும் திறந்துடுவானா? உங்க சாமியாருக்குப் போன் போடு. எங்க மசூதி ஆளு சொன்னா கேப்பானா அவன்?"

கோவில் சாமியார் அபூனா பிஷாராவை வெள்ளிக்கிழமை போனில் பிடிப்பதும் ஒன்று, ஒட்டகத்தை லிஃப்டில் ஏற்றுவதும் ஒன்று. ஏழாவது தடவை எடுத்தார். ஏதோ நிச்சயதார்த்த வீடு. பின்னால் குலவைச் சத்தம். இரீனி மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அவர் இரண்டு தடவை இருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்பது இவளுக்குப் புரிந்தது.

"ஸ்பீக்கர்ல போடும்மா. காராஸ், கண்ணு, நான் அபூனா பேசுறேன். கடவுள் பல்லுல மாட்டிக்கிறவர் இல்ல. வாயைத் திறந்து சாப்பிடு. நான் அனுமதி குடுக்குறேன்."

எல்லோரும் காராஸைப் பார்த்தார்கள். அவன் யுஸ்தீனாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான், இரண்டு விரலைத் தலையில் கொம்பு மாதிரி வைத்துக் காட்டினான், போனைச் சுட்டினான்.

"என்னடி சொல்றான்?"

யுஸ்தீனா சொல்லத் தயங்கினாள். "போன்ல பேசுறது அபூனாதான்னு எப்படித் தெரியும்னு கேக்குறான். பாலைவனத்துல துறவிகிட்ட சாத்தான் சாமியார் வேஷத்துல வந்து, சாப்பிடு சாப்பிடுன்னு சொன்னான்ல? அதுவும் நீ சொன்ன கதைதாம்மா."

அந்தப் பக்கம் அபூனாவுக்கு இதற்கு மேல் தாங்கவில்லை; ஹோவென்று சிரித்தார். அந்தச் சிரிப்பு காராஸின் சந்தேகத்தை உறுதியாக்கிவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான்.

மணி இரண்டு. ஜூன் மாத வெயில் ஜன்னல் வழியே அடித்தது. மேசைக்கு அடியில் பையனின் முகம் வெளுத்து, உதடு காய்ந்து வெடித்திருந்தது. கடைவாயில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு இறங்கியபோது பதறிப்போய்க் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டான். கண்ணில் இருந்தது பிடிவாதமே இல்லை என்று இரீனிக்கு அப்போதுதான் உறைத்தது. பயம். அவள் பிள்ளை கடவுளைப் பார்த்துப் பயந்து, பட்டினியாக, மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கிறான்.

சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வக்தி பின்னாலேயே வந்தான்.

"நான் என்ன பாவம் பண்ணினேன் வக்தி? புள்ளைக்குச் சாமியைக் காட்டணும்னு நெனச்சேன். பூச்சாண்டியைக் காட்டியிருக்கேன்."

வக்திக்கு அதற்கு மேல் கேலி வரவில்லை. "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலாமா?" என்றான் மெதுவாக.

"அங்க வலுக்கட்டாயமா வாயைத் திறப்பாங்க. அப்புறம் ஆயுசு முழுக்க அவன் என்னன்னு நெனச்சுக்கிட்டு வாழ்வான்?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கோவிலுக்குப் போட்ட நல்ல உடுப்போடு தரையில் தவழ்ந்து மேசைக்கு அடியில் நுழைந்தாள். இரண்டு பேருக்கு அங்கே இடமில்லை. மகனின் முழங்கால் அவள் வயிற்றில் இடித்தது.

"காராஸ், உன்னைத் திறக்கச் சொல்ல வரலை. ஒண்ணு சொல்றேன், கேளு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அபூனாகிட்டயும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லல."

கைக்குட்டைக்கு மேலே இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன.

"நீ என் வயித்துல இருந்தப்போ எனக்குச் சோறு தண்ணி எதுவும் தங்காது. அப்பவும் வெள்ளிக்கிழமை தவறாம நற்கருணை வாங்குவேன். வாங்கிட்டு வீடு வர்றதுக்குள்ள வாந்தி வந்துடும். எல்லாம் வெளிய வந்துடும். கோவில் வாசல்ல, ஒருநாள் மெட்ரோ படிக்கட்டுல. முக்காட்டை ஏந்திப் பிடிச்சு அதுல எடுப்பேன். அதை அப்படியே சுருட்டி, மினிபஸ் ஏறி, ரோத் அல் ஃபரக் கரைக்குப் போய் நைல்ல விட்டுட்டு வருவேன். பஸ்ல எல்லாரும் என்னைப் பாத்து மூக்கைப் பொத்துவாங்க. நாலு மாசம். பெட்டியில இருந்த முக்காடெல்லாம் போச்சு."

"அந்த ஊதா முக்காடா?" என்று மேலேயிருந்து வக்தியின் குரல் வந்தது. "பஸ்ல திருட்டுப் போச்சுன்னியே!"

"சும்மா இரு வக்தி!" மறுபடி மகனிடம் திரும்பினாள். "நான் தினமும் பயந்தேன்டா. ஆண்டவரை வெளிய தள்ளினவ நான், என் புள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. அபூனாகிட்டச் சொன்னா இனிமே வராதேன்னு சொல்லிடுவாரோன்னு வாயே திறக்கல. உன்னை மாதிரிதான். ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை வெட்கங்கெட்டுப் போய் வரிசையில நிப்பேன். அவரும் வெட்கம் பாக்காம வருவாரு. நான் வாந்தி எடுப்பேன், அவர் திரும்ப வருவாரு. ஒரு வாரங்கூட வரமாட்டேன்னு சொல்லல."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. இத்தனை வருஷம் இதை இப்படி ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. பயந்ததை மட்டுமே நினைத்திருந்தாள்.

காராஸ் யோசித்தான். புருவம் சுருங்கியது. கைக்குட்டை கீழே இறங்கியது.

"அப்ப நான் உள்ள இருந்தேனே," என்றான். "எனக்குக் கொஞ்சமாவது கிடைச்சுதா?"

பல் விழுந்தது. ஒரு சொட்டு ரத்தத்தோடு நேராக இரீனியின் உள்ளங்கையில்.

மேசையைச் சுற்றி ஒரே அமளி. "நைலுக்கு! நைலுக்கு எடுத்துட்டுப் போகணும்!" என்று யுஸ்தீனா குதித்தாள். "அதெல்லாம் வேணாம், மொட்டை மாடிக்குப் போய்ச் சூரியனைப் பாத்து எறியச் சொல்லு. அப்பதான் புதுப் பல்லு நல்லா முளைக்கும்" என்றாள் உம்மு தாரிக். பூந்தொட்டியில் புதைத்தால் இரண்டு கட்சிக்கும் பொதுவாகப் போகும் என்றான் வக்தி.

இரீனி யாரையும் கேட்கவில்லை. பல்லை வாயில் போட்டு விழுங்கிவிட்டாள்.

யோசித்துச் செய்ததில்லை. கோவிலில் கைக்குழந்தை நற்கருணையை வெளியே தள்ளினால், அபூனா அதைக் கையில் ஏந்தித் தன் வாயில் போட்டுக்கொள்வார். நூறு தடவை பார்த்திருக்கிறாள். புத்திக்கு எட்டுமுன் கை செய்துவிட்டது. யுஸ்தீனா குதிப்பதை நிறுத்தினாள். உம்மு தாரிக் மட்டும், "யா சாத்திர்! அல்லா காப்பாத்தணும்!" என்று வாயைப் பொத்தினாள்.

"என் பல்லை முழுங்கிட்டியா?" என்றான் காராஸ்.

"ஆமாடா."

அவன் அம்மாவின் வயிற்றைப் பார்த்தான், தன் வயிற்றைப் பார்த்தான். "இப்ப இயேசு உன் வயித்துலயா, என் வயித்துலயா?"

நோவாவின் கப்பலில் மீனுக்கு ஏன் இடமில்லை, வானதூதருக்குத் தூக்கம் வருமா, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவள் இரீனி. முப்பது பிள்ளைகளில் ஒன்றுகூட அவளை இதுவரை மடக்கியதில்லை.

"தெரியலடா," என்றாள்.

காராஸ் அவள் முகத்தில் பயம் தெரிகிறதா என்று தேடினான்; இல்லை. பிறகு அவள் மடியைத் தாண்டித் தவழ்ந்து வெளியே போய், நாற்காலியில் ஏறி, ஆறிப்போன கோஃப்தாவைச் சோற்றோடு அள்ளித் திணித்துக்கொண்டான். சேர்ந்தாற்போல் பேசவும் ஆரம்பித்தான். காலையிலிருந்து பேசாதது எல்லாம் ஒரேயடியாக வந்தது: பீடத்தில் மணி அடித்தவன் தூங்கிவிட்டது, அபூனா தாடியில் ரொட்டித் துகள் இருந்தது, போனில் பேசியது சாத்தானாகவே இருந்தாலும் நல்ல சாத்தான் என்பது. பல் போன சந்து வழியாகச் சோறு மேசையில் சிந்தியது, மேசையிலிருந்து தரையில் விழுந்தது.

மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்து, தன்னைச் சுற்றி விழுந்துகொண்டிருந்த சோற்றுப் பருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள் இரீனி. வாயை மூடிச் சாப்பிடு என்று அவள் சொல்லவே இல்லை.