முதல் இருபது லிட்டர்

கடைக்காரர் சதீஸ்குமார் பேச ஆரம்பிப்பதற்குள் என் மாமனார் கட்டைப்பையிலிருந்து நான்கு பாட்டில் தண்ணீரை எடுத்து, கண்ணாடி மேசை மேல் டக் டக்கென்று வைத்துவிட்டார். எல்லாம் எங்கள் ஊர் டேங்க்கில் அன்று காலையில் பிடித்தது.

"நீங்க சொல்றத அப்புறம் சொல்லுங்க தம்பி. மொதல்ல இந்தத் தண்ணிய ஒங்க மிஷினு ஒவ்வொண்ணுலயும் விட்டு எறக்கிக் குடுங்க. நான் பாத்துக்கிறேன்."

அருப்புக்கோட்டையில் அந்தத் தெருவிலேயே ஏசி ஓடுகிற கடை அது ஒன்றுதான். சுவர் நீளத்துக்குத் தண்ணீர் வடிகட்டிகள். ஒன்றில் நீல விளக்கு, ஒன்றில் பச்சை விளக்கு, இன்னொன்று விளக்கே இல்லாத சாதாரண எவர்சில்வர் அடுக்கு. சதீஸ்குமார் என்னைப் பார்த்தார். நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், வேறென்ன செய்ய? நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பெண் பார்க்க வந்த அன்றுகூட எனக்கு அப்படி அடிக்கவில்லை.

மாமா பெயர் மாரிச்சாமி. பாளையம்பட்டியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற எங்கள் ஊரில் இருபத்திரண்டு வருஷமாக டேங்க் ஆபரேட்டர். விடிந்ததும் மேலே ஏறி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவார். ஒரு மணி நேரம் கழித்துக் கடைசித் தெருக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து, சட்டைப்பையில் இருக்கிற சின்னக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விடுவார். தண்ணீர் மஞ்சளானால் மருந்து அதுவரை வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மஞ்சளைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குக் காலைக் காப்பி இறங்கும். ஒவ்வொரு தெருவுக்கும் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அந்த நேரத்தில் எவனாவது குடிக்கிற தண்ணீரைத் தரையில் ஓடவிட்டால் தீர்ந்தது கதை, அடுத்த முறைக்கு அந்த வீட்டுக் குழாய் அடைபடும். சொந்தத் தம்பி வீட்டையே அடைத்த மனுஷன். ஊரில் பாதிப் பேர் அவரைத் திட்டாமல் சோறு தின்பதில்லை.

அவர் கலக்குகிற அந்த மருந்து வாடைதான் எனக்கு எமனாக வந்து வாய்த்தது. வயிற்றில் மூன்று மாதம். மற்றவர்களுக்குச் சோறு ஆகாது, குழம்பு ஆகாது என்பார்கள். எனக்குத் தண்ணீர் ஆகவில்லை. ஒரு மடக்கு உள்ளே போனால் இரண்டு மடக்காக வெளியே வருகிறது. காய்ச்சினால் அடுப்படி முழுக்க அதே வாடை. ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தும் பார்த்தோம். வீட்டில் மற்ற எல்லாருக்கும் அற்றுப்போன வாடை என் மூக்கை விட்டு மட்டும் போகவில்லை. கேன் தண்ணீர் வாங்கினால் அது வெயிலில் வண்டியில் கிடந்து பிளாஸ்டிக் நாறுகிறது. பதினோரு நாள் இளநீரிலும் தர்பூசணியிலும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியாயிற்று. "ஒரு தடவ பவுடரு போடாமத்தான் விடுங்களேன்" என்று அத்தை கேட்டே விட்டாள். "நானூறு வீட்டுக்கும் வயித்தால போனா நீயா போயி கழுவுவ?" என்றார் மாமா. எனக்கும் அதுதான் நியாயமென்று பட்டது. ஆனால் என் வயிற்றுக்கு நியாயமா தெரிகிறது?

முந்தின நாள் ராத்திரி அம்மா பரளச்சியிலிருந்து போன் போட்டாள். "நாளைக்கு நாலு மணி பஸ்ஸுக்கு வாரேன். துணிமணிய எடுத்து வையி. இங்க ஊருணித் தண்ணி இருக்கு, குடிச்சிட்டுக் கெட. இனி புள்ளையோடதான் அங்க போகணும், இடையில அலையக் கூடாது." அங்கே போய் ஆறு மாதம் உட்கார்ந்தால் என் வேலை போச்சு. பாளையம்பட்டி இ-சேவை மையத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். வருமானச் சான்று, பட்டா நகல் என்று ஒரு நாளைக்கு நாற்பது பேர் "மேடம்" என்று வந்து நிற்பார்கள். அந்த நாற்காலிக்கு ஏற்கெனவே இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வீட்டுக்காரர் ஜெயபாண்டி லோடு ஏற்றிக்கொண்டு ராஜஸ்தான் பக்கம் போயிருந்தார்; போனில் என்னத்தைச் சொல்லி அழ? பக்கத்தில் நின்றிருந்த மாமா போனை வாங்கி, "மதினி, ஒரு டம்ளர் தண்ணி என் மருமக வயித்துல நின்னுட்டா, நீங்க சும்மா விருந்தாடி வந்துட்டுப் போகணும். சம்மதமா?" என்று கேட்டார். "அரை மணி நேரம் நிக்கணும். நான் கண்ணால பாக்கணும்" என்றாள் அம்மா. பந்தயம் கட்டியாகிவிட்டது.

கடையில் முதலில் நீல விளக்கு எரிகிற ஆர்.ஓ. மிஷின். அதில் இறங்கிய தண்ணீரில் மாமா இரண்டு சொட்டு விட்டார். மஞ்சள் இல்லை. சதீஸ்குமார் முகம் மலர்ந்தது. "உப்பு, மருந்து எல்லாத்தையும் எடுத்துரும் சார்." மாமா குனிந்து மிஷினுக்குப் பின்னாலிருந்து வாளிக்குப் போகிற இன்னொரு குழாயைப் பார்த்தார். "இது என்னது?" "அது வேஸ்ட் வாட்டர் சார். ஒரு லிட்டருக்கு ரெண்டு, மூணு லிட்டரு வெளிய வரும். எல்லா ஆர்.ஓ.லயும் வரத்தான் செய்யும்." மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டில் எழவு விழுந்த சேதி கேட்டவர் மாதிரி நிமிர்ந்தார். "ஒரு கொடம் குடிக்க மூணு கொடத்தக் கீழ ஊத்தவா? எங்க தண்ணியில உப்பு கெடையாது தம்பி. வாடை மட்டுந்தான்."

"வாடை மட்டும்னா கார்பன் போதும் சார், கரிதான். மருந்து வாடைய அது பிடிச்சு வச்சுக்கிடும்" என்று சதீஸ்குமார் இறங்கி வந்தார். நல்ல மனுஷன், விற்றால் போதுமென்று பேசவில்லை. குழாய் முனையில் மாட்டுகிற சின்னக் கார்பன் வடிகட்டி ஒன்றைக் காட்டினார். தண்ணீர் விர்ரென்று இறங்கியது. இரண்டு சொட்டு. லேசாக, எலுமிச்சைச் சாறு பட்ட நிறத்தில் ஒரு மஞ்சள். "ஓட்டம் சாஸ்தி. கரியில தங்க மாட்டேங்குது" என்றார் மாமா, ஏதோ பிறந்ததிலிருந்து கரி வியாபாரம் பார்த்தவர் போல. கடைசியில் அந்த எவர்சில்வர் அடுக்கு. மேல் பாத்திரத்தில் ஊற்றினால், நடுவில் இருக்கிற கரி உருளை வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழ் பாத்திரத்தில் இறங்குகிறது. கரண்டும் வேண்டாம், தண்ணீர் வீணும் கிடையாது. கால் டம்ளர் சேர்வதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. மாமா சொட்டு விட்டார். ஒன்று. இரண்டு. மூன்றாவதும் விட்டார். தண்ணீர் நிறம் மாறாமல் தெளிவாகவே நின்றது. "மோந்து பாரு தாயி" என்று இன்னொரு டம்ளரில் பிடித்து நீட்டினார். துப்பட்டாவை எடுத்துவிட்டு மோந்தேன். ஒன்றுமே இல்லை! ஐயோ, ஒன்றுமே இல்லாத ஒரு வாடைக்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருந்தேன். குடித்துப் பார்க்க மட்டும் பயம். ஏசிக் கடையில் வாந்தி எடுத்து வைத்தால் மானம் போய்விடும்.

டவுன் பஸ்ஸில் அந்த அட்டைப்பெட்டியை நான்தான் மடியில் வைத்துக்கொள்வேன் என்று அடம் பிடித்தேன். "என்னக்கா, மிக்ஸியா?" என்று பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள். "தண்ணி" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும்போது மணி ஒன்று. மாமா பெட்டியைப் பிரித்தார், நான் உள்ளே இருந்த தாளை விரித்து உரக்க வாசித்தேன். மூன்றாவது வரியில் என் குரல் அப்படியே இறங்கியது. "முதல் இருபது லிட்டர் தண்ணீரைக் குடிக்காமல் கீழே ஊற்றிவிடவும். கரித்தூள் வரும்."

அத்தை வாயில் கையை வைத்தாள். அண்டாவில் இருந்ததே ஐந்து குடம். எங்கள் தெருவுக்கு முறை வியாழக்கிழமைதான், அன்று ஞாயிறு. மாமா தாளை என்னிடமிருந்து வாங்கி, தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "கரியக் கழுவுறதுக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன? போரு தண்ணியில கழுவிப்புடுவோம்" என்றார். எனக்கும் அது மகா புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. எங்கள் போரில் வருவது வாயில் வைக்க முடியாத உப்பு. துணி துவைக்கவும் மாடு கழுவவும் மட்டும்தான். இரண்டு குடம் உப்புத் தண்ணீரை ஊற்றினோம். முதலில் மை நிறத்தில் வந்தது, அப்புறம் சாம்பல், அப்புறம் தெளிந்தது. மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கை தட்டாத குறை. பிறகு நல்ல தண்ணீரை ஊற்றி, முதல் டம்ளரை மாமா என் கையில் கொடுத்தார். வாடை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கு.

கடல் தண்ணீர்! வாசலுக்கு ஓடினேன். குடல் வெளியே வந்து விழுகிற மாதிரி ஓங்கரித்துக்கொண்டு நின்றேன். உருளைக்குள் ஊறிய உப்பெல்லாம் கரியிடுக்கில் அப்படியே நிற்கிறது; அதைக் கழுவ வேண்டுமென்றால் நல்ல தண்ணீர்தான் வேண்டும். மணி மூன்றரை. "போதும் விடுங்க. அவ அம்மா வரட்டும், போயி நல்லா இருக்கட்டும்" என்றாள் அத்தை, என் முதுகைத் தடவிக்கொண்டே. நான் முகத்தைக் கழுவிக்கொண்டு துணிப்பையை எடுக்க உள்ளே போனேன். மடித்து வைத்திருந்த சுடிதாரில் இரண்டை எடுத்துப் பைக்குள் வைத்தேன், கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. என் நாற்காலி போயிற்று என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்போது வாசலில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

மாமா உருளையைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, துவைக்கிற கல்லருகே நின்று, இன்னொரு கையால் அண்டாத் தண்ணீரைச் செம்பு செம்பாக மொண்டு அதற்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். நல்ல தண்ணீர். அத்தை ஓடிப்போய் கீழே ஒரு பேசினை வைத்தாள். அது நிரம்பி வழிந்து, வாசலைத் தாண்டித் தெருவில் ஓடியது. எதிர்வீட்டு வீரபாண்டி வெளியே வந்து நின்றான். பைக்கை ஓஸ் போட்டுக் கழுவினான் என்று போன மாதம் அவன் குழாயைத்தான் மாமா அடைத்திருந்தார்.

"என்ன பெரியப்பா, போரு தண்ணியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் போய்விடுவான். மாமா செம்பைக் கீழே வைக்கவில்லை.

"நல்ல தண்ணிடா."

வீரபாண்டி சிரித்தான். "அப்ப ஒங்க வீட்டுக் கொழாய யாரு அடைக்கிறது?"

"நான்தான்டா அடைப்பேன். வேற எவன் இருக்கான்? வெயாழக்கெழம எங்க வீட்டுக்குத் தண்ணி கெடையாது. போதுமா?"

"ஏங்க, ஒங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். மாமா அடுத்த செம்பை ஊற்றினார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு சொட்டு சிந்தாத கை. பெற்ற அப்பாகூட எனக்காக இப்படிச் செய்திருப்பாரா என்று தெரியவில்லை. இந்த மனுஷன் காலில் விழலாம் என்றுதான் தோன்றியது. மூன்றாவது குடமும் தீர்ந்தபோது அம்மா தெருமுனையில் திரும்பினாள். ஓடுகிற தண்ணீரில் கால் வைக்காமல் சேலையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது என்னண்ணே, வீடு கழுவுறீகளா?" என்று கேட்டாள்.

மாமா உருளையைப் பூட்டி, நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே போய்விட்டார். சொட்டு விழுகிற சத்தத்தை நாங்கள் மூன்று பெண்களும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு டம்ளர் சேர்ந்ததும் அம்மாதான் பிடித்துக் கொடுத்தாள். குடித்தேன். வாடை இல்லை, உப்பு இல்லை. தண்ணீர் தொண்டையில் குளிர்ந்து இறங்குவது நெஞ்சு வரைக்கும் தெரிந்தது. அம்மா செல்போனில் மணியைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ஒரு தடவை வயிறு புரண்டது, உதட்டை இறுக்கிக்கொண்டேன். அத்தை எழுந்தே விட்டாள். பெருமூச்சு விட்டேன், அது அடங்கியது. அம்மா கையிலிருந்த பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

பதினைந்தாவது நிமிஷம் எனக்குத் தாகம் எடுத்தது. பதினோரு நாளில் முதல் தடவையாக, தண்ணீர் வேண்டுமென்ற தாகம்.

"மாமா! இன்னொரு டம்ளர்!" என்று கத்தினேன்.

வாசல் ஈரத்திலேயே நின்றிருந்தவர் ஓடி வந்தார். துவைக்கிற கல்லில் நனைந்த கால்கள், வாசற்படியிலிருந்து வடிகட்டி வரைக்கும் சிமெண்ட் தரையில் ஏழெட்டு ஈரத்தடம். அவர் குனிந்து டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தடங்களை மிதிக்காமல் ஒதுங்கி நின்றாள். சாயங்கால வெக்கையில் படியோரத்துத் தடம் அதற்குள் ஓரத்திலிருந்து காய ஆரம்பித்திருந்தது.