இல்லாத கடையின் வேலை நேரம்

பெங்களூர்த் தேடல் நிறுவனம் ஒன்றிலிருந்து நமிதா ஷெட்டி பேசியபோது மிர்ச்சி பஜ்ஜியில் பாதி என் வாயில் இருந்தது. “சார், நீங்க பாஸாயிட்டீங்க. உங்க லிஸ்ட்ல இருபது கடைக்குப் போன் போட்டுப் பார்த்தோம். பதினஞ்சு சரியா இருக்கு. பதினஞ்சு இருந்தாத்தான் பார்ட்னரா எடுப்போம்.”

பதினேழு வருடமாக ஹுப்பள்ளிக் கடைகளின் பெயரும் விலாசமும் சேர்த்துப் புத்தகம் போடுகிறவன் நான். காலை பத்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் ஆறுக்குத்தான் திரும்புவேன். இப்போது புத்தகத்தை யாரும் தொடுவதில்லை. எல்லாரும் கைப்பேசியில் தேடுகிறார்கள். அந்தத் தேடல் நிறுவனத்துக்கே விவரம் கொடுக்கிறவனானால் பிழைப்பேன், இல்லையென்றால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

சரியென்று நமிதா அனுப்பிய பட்டியலில் பதினைந்தாவது பெயர்: துங்கா குச்சு & ஃபால்ஸ்.

மீதி பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தேன். அப்படியொரு கடையே கிடையாது. என் புத்தகத்தைக் காப்பியடித்து விற்கும் திருடர்களைப் பிடிக்க, ஏழு வருடத்துக்கு முன் நானே புத்தகத்தில் சேர்த்த பொய்க்கடை; வேறு யார் புத்தகத்திலாவது இந்தப் பெயர் இருந்தால் அது என்னிடமிருந்து திருடியது. விலாசமும் போன் நம்பரும் என் வீட்டுடையவை. யாராவது கூப்பிட்டால் ‘கடை இல்லை’ என்று சொல்லிவிடு என்று என் மனைவி கிரிஜாவிடம் சொல்லியிருந்தேன். நமிதாவுக்கு லிஸ்ட் அனுப்பும்போது அந்தப் பெயரை நீக்க மறந்திருக்கிறேன்.

“மேடம், இந்தக் கடையில யார் பேசினா?”

“ஒரு அம்மா. முந்தானைக்குக் குச்சு கட்ட மூணு நாளாகும், நாளைக்கே புடவையக் கொண்டுவாங்கன்னாங்க. அவங்கதான் சார் ஒழுங்கா பதில் சொன்னாங்க. மத்தவங்க என்னைத் திட்டினாங்க.”

உடனே வீட்டுக்குப் போனேன். வேலைநாளில் மத்தியானம் மூன்று மணிக்கு என் வீட்டை நான் பார்த்ததே இல்லை. வாசலில் தெரியாத மூன்று ஜோடி செருப்பு. உள்ளே மூன்று பெண்கள். ஜன்னல் கம்பியில் முந்தானையைக் கட்டி, கிரிஜா நூல் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“யாரு அக்கா இவரு? புடவை கொடுக்க வந்தாரா?” என்றாள் ஒருத்தி.

“என் வீட்டுக்காரரு.”

“எப்பலேர்ந்து இது?” என்றேன்.

“நீங்க புத்தகத்துல போட்டதுலேர்ந்து. கடை இல்ல, கடை இல்லைன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது. ஒரு நாள் கொண்டுவாங்கன்னுட்டேன்.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே?”

“சொன்னா எடுத்துடுவீங்க.”

கோபப்படுவதா வெட்கப்படுவதா என்று எனக்குப் புரியவில்லை. கொடியில் தொங்கும் புடவையெல்லாம் அவளுடையவை என்றே நினைத்திருந்தேன். அதில் ஒன்றைக்கூட அவள் கட்டி நான் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

மறுபடியும் நமிதாவின் போன். “சார், துங்காவுக்கு மட்டும் வேலை நேரம் போடல. அதைப் போட்டு, எல்லாம் உண்மைன்னு கையெழுத்தோட இன்னிக்கே அனுப்புங்க.”

எடுத்துவிட்டால் பதினான்கு. பொய் என்று சொல்ல வழியில்லை. உண்மை என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

“கிரிஜா, கடை எப்போ திறந்திருக்கும்?”

அவள் நூலிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “காலைல பத்துலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். ஞாயித்துக்கிழமை லீவு.”

அப்படியே கைப்பேசியில் தட்டினேன். மணி மூன்றேகால். எங்கே உட்காருவது என்று தெரியாமல், வாசலில் அந்த மூன்று ஜோடி செருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.