காற்று வேஷம்

பள்ளி நாடகத்தில் என் மகள் பட்டாணிக்குக் காற்று வேஷம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்க இவளை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்? மூச்சு விட்டாலே நெஞ்சுக்குள் 'வீஈஈ' என்று விசில் அடிக்குமே, அதற்காகத்தான். ஆஸ்துமாவுக்குப் பரிசு கொடுத்த ஒரே ஆள் அந்த டீச்சர்.

நான் தையல்காரி. நீலத் துணியில் அங்கி தைத்து முடித்த வாரம் அவளுக்கு இழுப்பு அதிகமானது. இன்ஹேலர் தவறாமல் எடுத்தும் அடங்கவில்லை. நெஞ்சு டாக்டரம்மாவிடம் ஓடினால், அவர் மூக்கைப் பற்றி விசாரிக்கிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"டாக்டர், இழுப்பு நெஞ்சுலதான்."

"தெரியுதும்மா. மூக்கு அடைச்சே இருக்கா? படுத்தா இருமுறாளா?"

இரண்டும் உண்டு. சைனஸ் வீங்கிச் சளி கட்டியிருக்கிறது, மேல்மாடியில் ஒழுகும்வரை கீழ்வீடு காயாது என்றார். இன்ஹேலரோடு மூக்குக்கும் மருந்து எழுதினார்.

"எங்க பரம்பரையில யாருக்கும் மூக்குல ஒரு குறையும் இல்ல," என்றார் பஸ் ஓட்டும் என் கணவர், அடைத்த மூக்கோடு.

மூன்று வாரத்தில் விசில் நின்றது. எனக்கு நிம்மதி. பட்டாணிக்கு அழுகை.

"விசில் வரலன்னா டீச்சர் என்னை மரமாக்கிடுவாங்கம்மா. மரம் சும்மா நிக்கணும்."

மருந்தை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள். நான் மசியவில்லை. விசில் நின்றதைப் பற்றி டீச்சரிடம் மூச்சு விடாமல், "மேடையில அடிக்கிறேன் மிஸ்" என்றே ஒத்திகையைச் சமாளித்தாள்.

நாடகத்தன்று மேடைக்கு வந்தாள், வாயைத் திறந்தாள், ஊதினாள். சத்தமே இல்லை. டீச்சர் திருடியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பட்டாணியின் கண் கலங்கியது.

அப்போது என் பக்கத்து நாற்காலியிலிருந்து 'கொர்ர்ர்... வீஈஈ' என்று கிளம்பியது. விடிகாலை டூட்டி முடித்து நேராக வந்த கணவர் அசந்து தூங்கிவிட்டார். இடிக்க முழங்கையை ஓங்கினேன்.

மேடையில் பட்டாணி சட்டென்று நிமிர்ந்தாள். ஒவ்வொரு குறட்டைக்கும் சரியாக வாயைத் திறந்தாள். முழங்கையை இறக்கிக்கொண்டேன். அங்கியை விரித்து மேடையை நான்கு சுற்று ஓடினாள். மரமாக நின்ற பையன் பயந்து தானாகவே விழுந்தான்.

நான்கு சுற்று ஓடியும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

கைதட்டலில் கணவர் விழித்துக்கொண்டார். "ஆரம்பிச்சிட்டாங்களா?"

அங்கியோடு ஓடிவந்த பட்டாணி என் காதில் சொன்னாள்: "அப்பாவையும் டாக்டர்கிட்ட காட்டணும்மா. ஆனா நாளைக்கும் நாடகம் இருக்கு. அது முடியட்டும்."