அரை வரி

டீ வாங்கி வருகிறேன் என்று தூக்குவாளியோடு போன மனுஷனைக் காணோமே என்று நான் தேடிப் போனபோது, என் வீட்டுக்காரர் பாண்டித்துரை, அய்யப்பனின் டீக்கடையில் நின்று அரசாங்கத்துக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். விற்பதற்குக் கரி சுடும் மூட்டத்துக்கு விறகு அடுக்கும் வேலை பாதியில் கிடந்தது. டிவியில் கோட்டுப் போட்ட நாலு பேர், பெரும் பணக்காரர்களின் சொத்துக்குத் தனியாக வரி போடலாமா கூடாதா என்று ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நாலு பேரையும்விட இவர் சத்தம் பெரிதாக இருந்தது.

"போடணும்யா! தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் நம்மகிட்ட வாங்குறாகள்ல. கோடி கோடியா வச்சிருக்கவன் சொத்துலயும் கொஞ்சம் எடுக்கட்டும். கொறஞ்சா போயிருவான்?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த உக்கிரபாண்டி சிரித்தார். என் வீட்டுக்காரருக்கு அவர் சித்தப்பா முறை. "ஏலே பாண்டி, ஒழச்சுச் சேத்தவன்கிட்டப் பிடுங்குனா நாளைக்கு எவன்லே ஒழைப்பான்?" என்றார்.

அவர் உழைத்த லட்சணம் ஊருக்கே தெரியும். கமுதிப் பக்கம் கருவேலத்தைத் தவிர வேறெதுவும் முளைக்காத பொட்டல் காடு அவர் அப்பா காலத்திலிருந்து சும்மா கிடந்தது. சோலார் கம்பெனி வந்தது, காட்டை வாங்கிக்கொண்டது. சூரியன் உழைக்கிறது, சித்தப்பா சேர்க்கிறார். இப்போது ஊரில் மாடி வீடு, வாசலில் கார், தேவிபட்டினத்தில் நவபாஷாணம் கும்பிட வருகிறவர்கள் தங்குவதற்கு ஒரு லாட்ஜ். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அந்த வாரமே ஊர்க்கூட்டம் போட்டார்கள். கருப்பசாமி கோயிலுக்குப் புது மண்டபம் கட்ட வேண்டும், தலைக்கட்டு வரி எட்டாயிரம் என்று பேச்சு. எங்கள் ஊரில் கல்யாணம் முடித்த ஆம்பளை ஒவ்வொருத்தனும் ஒரு தலைக்கட்டு. மாடி வீட்டுக்காரனும் அதே வரிதான், ஓலைக் கொட்டகைக்காரனும் அதே வரிதான். புருஷனைப் பறிகொடுத்தவள் வீட்டுக்கு மட்டும் அரை வரி. சாமிக்குக் கிடா வெட்டினால் கறியில் மற்றவர்களுக்கு முழுப் பங்கு, அவளுக்கு அரைப் பங்கு. கெடுவுக்குள் வரி கட்டாதவன் வீட்டு விசேஷத்துக்கு ஊர் தாம்பூலம் வாங்காது, பந்தலில் ஒரு ஆள் வந்து உட்காராது. எங்களுக்கோ ஆவணியில் மகள் நாகஜோதியின் கல்யாணம். கையில் இருந்ததெல்லாம் இன்னும் தீ வைக்காத அந்த ஒரு மூட்டம்தான்.

கூட்டத்துக்குப் பெண்கள் போகக்கூடாது. ஆனால் கூட்டம் நடக்கும் ஆலமரத்துக்குப் பின்னால் குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வருகிற முறை இல்லை. இருந்தாலும் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு நின்றோம். என் பக்கத்தில் மீனம்மாள் நின்றாள். அவள் புருஷன் போன வருஷம்தான் இறந்திருந்தான்.

என் கொழுந்தன் மாரீஸ்வரன் எழுந்தான். ராமநாதபுரத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன், பயமில்லாமல் பேசுவான். "டீக்கடையில அம்புட்டுப் பேரும் நியாயம் பேசுறோம்ல, அதை நம்ம ஊர்லயே செஞ்சு பாப்போம். சொத்துக்குத் தக்கன வரி போடுங்க. இருக்கவுக கூடக் கட்டட்டும், இல்லாதவுக கொறச்சுக் கட்டட்டும். எங்கண்ணன் கரி மூட்டம் போட்டுக் கட்டுற எட்டாயிரமும், மாடியில உக்காந்து கட்டுற எட்டாயிரமும் ஒண்ணா?" என்றான்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. எல்லார் கண்ணும் உக்கிரபாண்டி மேல்தான். அவர் கோபப்படவே இல்லை. துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி சொல்றது நல்ல ரோசனைதான். கூடக் குடுக்க எனக்கென்ன வலிக்குதா? ஆனா வரின்னு கேக்காதீக, மண்டபத்துக்குக் கல்லு பூராம் நானே எறக்கித் தாரேன், உபயமா. இல்லாதவுக அரை வரி கட்டட்டும், ஊரு வாங்கிக்கிரட்டும்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அப்ப கறியும் அரைப் பங்குதானே? மீனம்மா வீட்டுக்குக் குடுக்குற மாதிரி?" என்றார்.

கூட்டம் சிரித்தது. வரியாகக் கொடுத்தால் பத்தோடு பதினொன்று, உபயமாகக் கொடுத்தால் கல்லில் பெயர் வெட்டுவார்கள் என்ற கணக்கு அந்தச் சிரிப்பில் யாருக்கும் தோன்றவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். தம்பிக்கு ஒத்தாசையாகப் பேசப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எங்கய்யா கட்டுனது முழு வரி. நானும் முழு வரிதான் கட்டுவேன். மீசை வச்ச ஆம்பளைய எவனும் தாலியறுத்தவ கணக்குல சேக்க வேணாம்" என்றார்.

அவ்வளவுதான். ஆடு மேய்க்கிற பாண்டித்துரைகளும் கரி சுமக்கிற பாண்டித்துரைகளும் ஒவ்வொருவராக எழுந்து, எனக்கும் முழு வரிதான், எனக்கும் முழு வரிதான் என்றார்கள். சித்தப்பா வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. மாரீஸ்வரன் மட்டும் தனியாக நின்றுவிட்டு உட்கார்ந்தான். மீனம்மாள் காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் விட்டேனா நான்? "டீக்கடையில அந்தப் பேச்சுப் பேசுனீக. கூடப் பெறந்த தம்பி உங்களுக்காகத்தானே எந்திரிச்சான். அவன் வாயிலயே மண்ணள்ளிப் போட்டுட்டு வாறீகளே" என்றேன்.

"அது கவர்மெண்டு. இது ஊரு" என்றார்.

"ரெண்டுலயும் கட்டுறது நீங்கதானே?"

"உனக்கு என்னடி தெரியும். காடு இல்லை, கரை இல்லை, மாடி வச்ச வீடு இல்லைன்னாலும் இந்த ஊர்ல நான் சித்தப்பாவுக்குச் சமமா நிக்கிறது வரி கட்டுற அந்த ஒரு எடத்துலதான். அதையும் கொறச்சுக் கட்டச் சொல்றியா?"

அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

மறுநாளே விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண் பூசி, மூட்டத்துக்குத் தீ வைத்தார். மாரீஸ்வரன் வந்து, "அண்ணே, பாதிய நான் பொரட்டித் தாரேன்" என்றான். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவனும் ஒரு தலைக்கட்டு, அவன் வரிக்கே அவன் யாரிடம் போய் நின்றானோ.

கரிமூட்டம் அவசரக்காரனுக்கு ஆகாது. உள்ளே விறகு வெந்து கரியானதும் ஓட்டையெல்லாம் அடைத்து மூச்சு விடாமல் வைத்து, சூடு தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். சூடு இருக்கும்போது திறந்தால் காற்றுப் பட்டுத் தீப்பிடித்து, கரியெல்லாம் சாம்பலாகிவிடும். இது எங்கள் ஊரில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியாதா? ஆனால் சூடு முழுதாக அடங்குவதற்குள் கெடு நெருங்கி, வரி கட்ட மறுநாள்தான் கடைசி நாள் என்று ஆகிவிட்டது. கரி எடுக்கிற லாரி அன்றைக்குக் காலையில் வந்து நின்றது, அதை விட்டால் அடுத்த வாரம்தான் வரும்.

மண்ணில் கை வைத்துப் பார்த்தேன். "இன்னும் உள்ளுக்குள்ள கனப்பு இருக்குங்க. வேணாம். நான் சொல்றதைக் கேளுங்க" என்றேன்.

"தெரியும், விலகு" என்று மண்வெட்டியால் மூட்டத்தைக் கொத்தித் திறந்தார்.

ஆனி மாசக் காற்று. திறந்த பக்கம் முதலில் கருப்பாகத்தான் தெரிந்தது, பார்த்தாயா என்கிற மாதிரி அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்த்தார். அப்புறம் உள்ளே ஒரு இடம் சிவந்தது. மண்ணை அள்ளி அள்ளிப் போட்டோம். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் வெடித்துக்கொண்டு கிளம்பியது. ஊரே குடத்தோடு ஓடி வந்தது, மீனம்மாள்தான் முதலில் வந்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் கொண்டுவந்து ஊற்றினார்கள். லாரிக்காரன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். தணிந்தபோது, கரி என்று சொல்ல நாலு மூட்டைகூடத் தேறவில்லை. என் வீட்டுக்காரர் வெந்துபோன இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்திருந்தார்.

உக்கிரபாண்டி காரில் வந்து இறங்கினார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. "வரிய நெனச்சு வெசனப்படாதலே. நான் எதுக்கு இருக்கேன்?" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் கோயில் ரேடியோவில் பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள்: "பாண்டித்துரை அவர்களின் தலைக்கட்டு வரி ரூபாய் எட்டாயிரம், உபயம் உயர்திரு உக்கிரபாண்டி அவர்கள்." ஒரு தடவை சொன்னால் போதாதா, மூன்று தடவை சொன்னார்கள்.

"போய் வேண்டாம்னு சொல்லிட்டு வாரேன்" என்று என் வீட்டுக்காரர் எழுந்தார். நான் வாசலை மறித்து நின்றுகொண்டேன். "நாகஜோதி கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீக" என்றேன். எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தம்பி வாயில் மண் போட்ட மனுஷன் வாயில் நானே மண் போட்டேன். வேறு என்ன செய்ய?

மண்டபத்துக்குக் கல் இறங்கிய அன்றைக்குக் கருப்பசாமிக்குக் கிடா வெட்டு. உக்கிரபாண்டிக்குத் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். ஊர்க் கணக்குப் பார்க்கிற வசந்தகுமார் ஒவ்வொரு தலைக்கட்டாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, போய்க் கறியை வாங்கினார்கள். இவர் பெயர் வந்தபோது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. "முழுப் பங்காப் போடுப்பா, நம்ம பாண்டிக்கு" என்றார் உக்கிரபாண்டி. ஒரு கை அதிகமாகவே அள்ளிப் போட்டார்கள்.

திரும்பப் போனவரை வசந்தகுமார் நிறுத்தினான். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டுமாம். "அண்ணே, பெரியவர் பக்கத்துல அப்பிடி நில்லுங்க" என்று போனைத் தூக்கினான். உக்கிரபாண்டி பிரியமாகத் தோளில் கை போட்டார். "பை தெரியலை, கொஞ்சம் மேல தூக்குங்கண்ணே" என்றான். இவர் கட்டுப் போட்ட கையால் கறிப் பையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "என்னண்ணே எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீக, சிரிங்க."

சிரித்தார். வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் பார்த்திராத ஒரு சிரிப்பு, எல்லாப் பல்லும் தெரிய. வசந்தகுமார், "இன்னொண்ணு" என்றான். பையிலிருந்து ரத்தம் கட்டுத் துணியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையை இறக்காமல் அப்படியே சிரித்துக்கொண்டு நின்றார்.