சிரித்தால் யாரும் வரமாட்டார்கள்

மதியச் சாப்பாடு முடிந்ததும் முதியோர் இல்லத்தின் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டாயிற்று. நடுவில் ஒரு சிவப்பு பலூன். அதைக் கையால் தட்டி எதிரில் இருப்பவருக்கு அனுப்ப வேண்டும். கீழே விழுந்தால் எல்லோரும் சேர்ந்து 'ஐயோ' என்று சொல்ல வேண்டும். இதுதான் விளையாட்டு. ஆயுசு முழுக்க பஸ்ஸில் கூட்டத்தை மேய்த்த கண்டக்டர், தையல் மெஷினை மிதித்தே மூன்று பெண்களைக் கரையேற்றிய தையலம்மா, இன்னும் இப்படிப்பட்டவர்களெல்லாம் தலையில் காகிதக் கிரீடத்தோடு பலூன் தட்டிக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் எத்தனையோ பார்த்தவர்கள், இந்தப் பலூனையா தாங்கமாட்டார்கள்?

"சிரிங்க, சிரிங்க! இங்க பாத்து சிரிங்க!"

கையில் போனோடு வட்டத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தவள் இல்லத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். முன்பு மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்தாள். பள்ளியை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தாள். பாட்டும் பலூனும் காகிதக் கிரீடமும் அங்கிருந்து அவளோடு கூடவே வந்துவிட்டன. வயசானவர்களும் குழந்தைகளும் ஒன்று என்று எந்தப் புண்ணியவானோ சொல்லி வைத்ததை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாய்க்கு வாய் 'சிரிங்க, சிரிங்க' என்பதால் பெரியவர்கள் அவளுக்கு 'சிரிங்க மேடம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

குறை சொல்ல முடியாத மனுஷி. படம் எடுக்கும் முன் ஒவ்வொருவருக்கும் தலை வாரி விடுவாள், கழற்றி வைத்த பல் செட்டைத் தேடிக் கொண்டுவந்து மாட்டிவிடுவாள், சட்டையில் குழம்புக் கறை இருந்தால் அது தெரியாதபடி மேலே ஒரு துண்டைப் போட்டுவிடுவாள். அன்று சாயங்காலமே நல்ல படங்களாகப் பொறுக்கி, பிள்ளைகளெல்லாம் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவாள். போட்ட மறு நிமிஷம் பதில்கள் வந்து கொட்டும். அம்மா சின்னப் பொண்ணு மாதிரி இருக்காங்க என்று ஒருத்தி எழுதுவாள். கண்டக்டரின் மகன் எழுதவெல்லாம் மாட்டான். ஒரு கட்டைவிரலை மட்டும் தட்டிவிடுவான், ஆனால் எல்லோருக்கும் முந்தி தட்டிவிடுவான். அவன் கடை இருந்தது என்னவோ கால் மணி நேரத் தூரத்தில்தான்.

அந்தப் படங்களில்தான் அவள் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது. குடும்பங்களிடமிருந்து ஒரு குறையும் வராவிட்டால் இந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வந்தால் வேறு ஆள். அவள் ஒருத்தி சம்பளத்தில் மகள் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் 'சிரிங்க' என்ற சொல்லில் கொஞ்சம் கெஞ்சலும் கலந்திருந்தது.

அவளுக்கும் ஒரு அம்மா உண்டு. அண்ணன் வீட்டில் இருந்தாள். பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும் ஊர். அண்ணி வாராவாரம் மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்து அனுப்புவாள். அம்மா படத்தில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருப்பாள். இவளும் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அம்மா நன்றாக இருக்கிறாள், அப்புறம் என்ன?

இப்படியே போயிருக்கும். தையலம்மாவுக்குப் பல்வலி வராமல் இருந்திருந்தால்.

ஒரு வியாழக்கிழமை கன்னம் வீங்கி, மூஞ்சி தொங்கிப்போய் அவர் வட்டத்தில் உட்கார்ந்திருந்தார். சிரிங்க மேடம் எவ்வளவோ மறைத்து எடுத்தும் ஒரு படத்தின் ஓரத்தில் அந்த முகம் அப்படியே விழுந்துவிட்டது. மறுநாள் காலையில் அவருடைய கடைசி மகள், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். 'அம்மாவுக்கு என்ன, அம்மாவுக்கு என்ன' என்று வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தாள். போன கோடைக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. தையலம்மா வலியையும் மறந்து பேரனை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை இறக்கவில்லை.

கண்டக்டர் இதையெல்லாம் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுகிற பஸ்ஸில் யார் டிக்கெட் வாங்கவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்த ஆள் அவர். ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தை உடைத்துவிட்டார்.

"நாம சிரிச்சா அவங்க வர்றதில்ல. மூஞ்சியத் தொங்கப் போட்டா ஓடி வர்றாங்க. அப்புறம் நாம எதுக்குச் சிரிக்கணும்?"

ஆளாளுக்குத் தங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் விடை ஒன்றாகத்தான் வந்தது. தையலம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, அதுக்கு ஒண்ணும் வந்துடக்கூடாது என்றார். ஒரு வாரம்தானே, அது தாங்கும் என்று கண்டக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். நிரந்தரம், மாதக் கடைசி என்ற சங்கதியெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்?

அடுத்த வியாழக்கிழமை சிரிங்க மேடம் பலூனோடு வந்தால், வட்டம் முழுக்க இஞ்சி தின்ற குரங்குகள். ஒருவர் கூரையைப் பார்க்கிறார், ஒருவர் செருப்பைப் பார்க்கிறார். பலூன் யார் மடியில் விழுந்ததோ அங்கேயே கிடக்கிறது. எப்போதும் முதல் ஆளாக வாயில் விரலை வைத்து விசில் அடிக்கும் கண்டக்டர், டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்ட பயணியைப் பார்ப்பது போல அவளுடைய போனையே முறைத்துக்கொண்டிருந்தார். அவள் பாடினாள். ஆடினாள். தன் தலையிலேயே கிரீடத்தை வைத்துக்கொண்டு குரங்குச் சேட்டை செய்து காட்டினாள். ஊஹூம். தையலம்மாவுக்கு மட்டும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவரும் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

சாயங்காலம் படம் போட்டாக வேண்டும். போடாவிட்டால் மேனேஜர் கேட்பார். ஒருவர் கொட்டாவி விட்டபோது எடுத்த படம் கொஞ்சம் சிரிப்பு மாதிரி இருந்தது. சுற்றிலும் மற்றவர்களின் தொங்கிய மூஞ்சிகள் விழுந்திருந்தாலும் வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினாள்.

அன்று ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை.

மறுநாள் பொது விடுமுறை. காலையில் இல்லத்து வாசலில் கார் நிறுத்த இடமில்லை. மகன்கள், மகள்கள், மருமகள்கள், இல்லத்து வாசற்படியையே மிதித்திராத பேரப்பிள்ளைகள். சும்மா வரவில்லை, கோபத்தோடு வந்தார்கள். சாப்பாடு சரியில்லையா, யாராவது அதட்டுகிறார்களா, எங்கள் அப்பாவை என்ன செய்தீர்கள் என்று மேனேஜரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அதிகம் கத்தியது கண்டக்டரின் மகன். மேனேஜர் வாங்கிய அடியை அப்படியே சிரிங்க மேடத்திடம் இறக்கினார்.

"சாயங்காலத்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். இல்லேன்னா நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

ஊரையே சிரிக்க வைத்தவள் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தலை வாரிவிட்டேனே, பல் செட் தேடிக் கொடுத்தேனே, நான் என்ன குறை வைத்தேன் என்று ஒரே ஆற்றாமை. முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் கூடத்திலிருந்து பெரிய சத்தம் கேட்டது. சண்டை வந்துவிட்டது போலிருக்கிறது என்று ஈர முகத்தோடு ஓடினாள்.

சண்டை இல்லை. மூலையில் சாத்தி வைத்திருந்த பழைய கேரம் பலகையை யாரோ தூசி தட்டி நடுவில் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கண்டக்டர், எதிரில் அவர் மகன். சற்று முன் கத்திக்கொண்டிருந்த மகன் இப்போது வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தான். சிவப்புக் காயைப் போடுகிறேன் என்று ஸ்ட்ரைக்கரையே குழியில் தள்ளிவிட்டான். கண்டக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பல் செட் கழன்று விழுந்துவிடும் போலச் சிரித்தார். அந்தப் பக்கம் தையலம்மா, கடையில் வாங்கிய பேரனின் சட்டையை உள்பக்கம் திருப்பி, இதுவும் ஒரு தையலா என்று மகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். மகள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துத் திட்டு வாங்கிக்கொண்டு நின்றாள். வாங்கிய திட்டுக்கு அவள் முகம் அப்படிப் பூரித்துக் கிடந்தது.

இத்தனை நாள் எடுத்த படங்கள் அத்தனையிலும் இப்படி ஒரு சிரிப்பு இல்லை என்பது சிரிங்க மேடத்துக்கு உறைத்தது. ஆனாலும் பழக்கதோஷம் விடுமா? கை தானாகப் போனைத் தூக்கியது.

கண்டக்டர் கையை நீட்டி மறித்தார். "வேணாம்மா. இந்தச் சிரிப்ப எடுத்து அனுப்பிட்டீங்கன்னா, அடுத்த வாரம் இவன் வரமாட்டான்."

மகனின் விரல் ஸ்ட்ரைக்கர் மேலேயே நின்றுவிட்டது. அப்பா சொன்னது அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவன் தலை நிமிரவில்லை.

சத்தம் கேட்டு வந்த மேனேஜரிடம் கண்டக்டர் எழுந்து நின்றே ஒப்புக்கொண்டார். பல்வலியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். திட்டம் போட்டது நான்தான், இந்தப் பொண்ணு மேல் ஒரு தப்பும் இல்லை, அனுப்புவதாக இருந்தால் என்னை வெளியே அனுப்புங்கள் என்றார். மேனேஜருக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சிரிங்க மேடம் அப்படியே தப்பித்துப் போயிருக்கலாம். வேலை நிலைத்தது, போதும் என்று பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கூடத்தில் முதல் தடவையாக அவள் யாரையும் சிரிக்கச் சொல்லாமல் பேசினாள்.

"தப்பு என் மேலயும் இருக்கு சார். கறைய மறைச்சு, பல்லு மாட்டி, சிரிக்க வச்சு நான் படம் அனுப்பினேன். இவங்களுக்கு ஒரு குறையும் இல்லன்னு பிள்ளைங்களும் நம்பிட்டாங்க. படத்துல பாக்கறது பாக்கறதே இல்லங்க. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா? பெத்தவங்களுக்கு நம்ம லைக்கு வேணாம், நாமதான் வேணும்."

யாரும் கை தட்டவில்லை. கண்டக்டரின் மகன் மட்டும் மெதுவாக, "ஒரு ஆட்டம் பாக்கி இருக்குப்பா" என்றான்.

"ஒண்ணா? நீ தோத்ததுக்கு ஒரு மாசம் வரணும்டா" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு படம் நின்றது. பலூனும் கிரீடமும் அலமாரிக்குப் போயின. என்ன செய்யலாம் என்று அவள் முதல் தடவையாகப் பெரியவர்களையே கேட்டாள். கேட்டதுதான் தாமதம், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தையலம்மாவுக்கு ஒரு மெஷின் வந்தது. கேரம் பலகைக்கு இன்னொரு பலகை துணைக்கு வந்தது. குழுவில் வியாழக்கிழமை தோறும் ஒரே ஒரு வரி போகும்: கேரம் ஆட ஒரு கை குறைகிறது, ஞாயிற்றுக்கிழமை யார் வருகிறீர்கள்? இதற்கும் ஒரு மகராசன் பழைய நினைப்பில் கட்டைவிரலைத் தட்டினான். 'அந்த விரலை இங்கே கொண்டு வாருங்கள், அங்கிருந்து தட்டினால் காய் விழாது' என்று அவள் பதில் போட்டாள். வந்துவிட்டான். எல்லோரும் வந்துவிடவில்லை, ஆனால் வாசலில் கார் நிற்காத ஞாயிறு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. மாதக் கடைசியில் மேனேஜர் மறுபேச்சில்லாமல் வேலையை நிரந்தரமாக்கினார்.

அன்று சாயங்காலம் அண்ணியிடமிருந்து படம் வந்தது. அதே நாற்காலி. அம்மா வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டைவிரல் தன் பாட்டுக்குப் போனின் மேல் இறங்கியது. பாதியில் நின்றது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அம்மாவின் தலையைப் புதிதாக வாரி விட்டிருந்தார்கள். தோளில் ஒரு துண்டு, எதையோ மறைப்பது போல.

எத்தனை பேருக்கு இந்தத் துண்டைப் போட்டவள் அவள்! உடனே அண்ணனைக் கூப்பிட்டு, காலை பஸ்ஸுக்கு வருகிறேன் என்றாள். போனை அம்மாவிடம் கொடுத்தார்கள். அம்மாவின் குரல் கொஞ்சம் பயந்துபோய் வந்தது.

"திடீர்னு ஏன்டி வர்றே? படத்துல நான் சரியாச் சிரிக்கலையா?"

அவள் தெளிவாகவே சொன்னாள்.

"நல்லாத்தாம்மா சிரிச்சே. அதப் பாத்துத்தான் இத்தன நாளா வராம இருந்துட்டேன். இனிமே எனக்காகச் சிரிக்காத. நான் நேர்ல வர்றேன், வேணும்னா ரெண்டு திட்டு திட்டு."