ஏழாம் கிழமையின் நொதியம்

1

இந்தக் கதை என் தவறிலிருந்து பிறந்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மட்டக்களப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கும் மங்கையற்கரசி. ஒரு வாரப் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் சூல்வித்தகத்தைப் பற்றி எழுதினேன். தாய்க்கும் சேய்க்கும் நடுவிலிருக்கும் அந்த நஞ்சுக்கொடியில், கர்ப்பத்தின் ஆரம்பக் கிழமைகளிலேயே மருந்துகளைச் சிதைக்கும் நொதியங்கள், அதாவது என்சைம்கள், உண்டு. அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். 'வாசலில் நிற்கும் காவல்காரன்' என்று அலங்காரமாக ஒரு வரி சேர்த்தேன்.

2

(முதல் தொடக்கம்: 'வாவியின் மேல் வெயில் சாய்ந்து' — வேண்டாம். வாவிக்கு இதில் வேலையில்லை.)

ஆரையம்பதியிலிருந்து ஒருத்தி போனில் கோல் எடுத்தாள். கட்டுரையின் கீழே என் இலக்கம் இருந்தது. விதுர்ஷா என்று வைத்துக்கொள்வோம். ஏழு கிழமைக் கர்ப்பிணி, இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வலிப்புக்கு நெடுநாளாகக் குளிசை போடுகிறவள்.

"மிஸ், காவல்காரன் நிக்கிறான் எண்டு எழுதியிருக்கீங்க. அப்ப என்ட குளிசை பிள்ளைக்குப் போகாதுதானே?"

அந்த நொதியங்களின் வேலை மிகக் கொஞ்சம், எல்லா மருந்தையும் அவை தொடுவதில்லை, சிலதை இன்னும் கெட்டதாக மாற்றிவிடுவதும் உண்டு என்று அவசரமாகச் சொன்னேன். அப்படியென்றால் இன்றோடு நிறுத்துகிறேன் என்றாள். அது அதைவிட ஆபத்து. வலிப்பு வந்தால் இரண்டு உயிருக்கும் கேடு. கிளினிக்குக்குப் போனால் டாக்டர் பார்த்து மாற்றித் தருவார் என்றேன். அங்கே இருக்கும் மிட்வைப் அவளுடைய மாமியின் தங்கை மகளாம்.

"மூணு மாசம் போகாம ஆருக்கும் சொல்லக்கூடா மிஸ். போன முறை சொல்லித்தான் பிள்ளை இல்லாமப் போச்சு."

வைத்துவிட்டாள். அதன்பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

3

அவளை மூடநம்பிக்கைக்காரியாக எழுதிப் பார்த்தேன். கை ஓடவில்லை. விஞ்ஞானம் படித்த நானும் என் மூத்தவள் வயிற்றில் இருந்ததை மூன்று மாதம் மறைத்தவள்தான்.

4

முடிவு ஒன்று: அவள் போகிறாள், டாக்டர் மருந்தை மாற்றுகிறார். எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

முடிவு இரண்டு: குளிசையை நிறுத்துகிறாள். பத்தாம் நாள் கிணற்றடியில் — இதை எழுதமாட்டேன்.

5

சுகாதாரப் பக்கத்தில் கதை போடுவதில்லை என்றார் பத்திரிகை ஆசிரியர். கெஞ்சித்தான் இந்த இடத்தை வாங்கினேன். அவள் படிக்கிற பக்கம் இதுதான்.

தங்கச்சி, உன் பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டேன். குளிசையை நீயாக நிறுத்தாதே. கிளினிக் வேண்டாமென்றால் நாளைக்கே பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு வா. அங்கே உன்னைத் தெரிந்தவர்கள் இல்லை. துணைக்கு நான் நிற்கிறேன். என் இலக்கம் கீழே இருக்கிறது.

மற்ற வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். முடிவை உங்களிடம் தரமுடியாது. அது அவளுடையது.